நின்று நின்று ஓடிய ஸ்கூட்டர்

மனைவியின் பெட்ரோல் ஸ்கூட்டரில் இருந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு, பேட்டரியும் மோட்டாரும் நானே வைத்துக் கட்டினேன். தொழிலுக்கு நான் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர்தான், ஆனால் கை சும்மா இருக்காது. சேக்காட்டில் எங்கள் வீட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை செய்யும் தையல் கம்பெனிக்கு ஒரு மாதம் ஜோராகப் போய்வந்தாள்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் சனியன் பிடித்தது. பாலம் ஏறும்போது வண்டி படுத்துவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மழைத் தண்ணீர் புகுந்ததுதான் காரணம் என்று ஒயர் முழுக்க டேப் சுற்றினேன். ஆக்சிலேட்டரை மாற்றினேன். மீட்டர் வைத்தால் பேட்டரியில் சார்ஜ் முழுசாக இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன், அதை வேறு அரை மணி நேரம் தேடினேன்.

மூன்றாம் முறை மழையில் தள்ளிக்கொண்டு வந்தவள் கத்தவில்லை. “இன்னொரு தபா நின்னுச்சுன்னா நான் பஸ்ல போய்க்கிறேன். உன் வண்டிய நீயே வெச்சிக்கோ” என்றாள். அவள் வண்டி ‘உன் வண்டி’ ஆனதுதான் சுருக்கென்று தைத்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் புத்தி வந்தது. பாரம் இழுக்கும்போது நிற்கிற வண்டியை, சும்மா நிறுத்திவைத்து அளந்தால் என்ன தெரியும்? முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, அவளை ஏறி உட்கார்ந்து மெதுவாக முறுக்கச் சொன்னேன். ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் பூஜ்யத்தை ஒட்டியே காட்டின. பேட்டரியிலிருந்து வரும் தடித்த பிளக்கில் மட்டும் எண் விறுவிறுவென ஏறியது; கரண்ட் அங்கேதான் தடைபட்டது. தொட்டால் சுட்டது.

சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிரித்தேன். உள்ளே செம்பின் மேல் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம்.

சாட்சாத் என் கைவேலை. ஆயுத பூஜையன்று பட்டறையில் லேத்துக்கும் வைஸுக்கும் பொட்டு வைத்த பழக்கத்தில், கரண்ட் வருகிற இடத்துக்கு வைக்காமல் விடலாமா என்று பிளக்கைத் திறந்து நானே அப்பியிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மானம் போனாலும் எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பழுது கையில் சிக்கிவிட்டதே! புதுப் பிளக் வாங்கி அன்றே மாட்டினேன்.

மறுநாள் காலை எனக்கு வேலை ஓடவில்லை. எட்டே முக்காலுக்கு போன் வந்தது. “வந்துட்டேன். பாலத்துல ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணேன்” என்றாள். பக்கத்தில் யாரோ வண்டியைப் பற்றிக் கேட்டார்கள் போல. போனை வைக்காமலே அவர்களிடம் திரும்பிச் சொன்னாள்:

“கடைல வாங்கினது இல்லக்கா. எங்க ஊட்டுக்காரு கட்டின வண்டி.”

அன்று பட்டறையில் ஒருவரையும் விடாமல் நிறுத்தி நிறுத்தி இதைச் சொன்னேன்.