தொட்டிலில் ஏறிய அண்ணன்

வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கூரை விழுந்ததிலிருந்து பாப்பாவைத் தொட்டிலில் போடவே எனக்குப் பயம்.

உதவிக்கு வந்து பத்து நாளாக வேலை செய்த ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்காரர்கள் இன்று கூரையை முடித்து, உத்திரத்தில் கொக்கியும் மாட்டிக் கொடுத்தார்கள். நான் அதில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிவிட்டு, "தாங்குமாண்ணே?" என்று நாலாவது தடவையாகக் கேட்டேன்.

அவர்களில் குண்டான அண்ணன் ஒருவர் தொட்டிலை ஆட்டிக் காட்ட வந்தார்.

"வெறும் தொட்டில ஆட்டக் கூடாதுண்ணே."

"அம்புட்டுத்தானம்மா" என்றவர், தானே அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஏணியில் நின்றவர் கேட்டார்: "ஏலே, தாலாட்டும் பாடணுமோ?"

"பாடுலே. செத்த நேரம் தூங்கிக்கிடுதேன்."

பாப்பா இப்போது அதில்தான் தூங்குகிறாள். நான் கொக்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறு கிலோவைத் தாங்கியது எட்டு கிலோவைத் தாங்கும் என்று நீங்களும் ஒரு தடவை சொல்லிவிடுங்களேன்.