அவரைப் பார்க்க வந்தவர்

கம்பெனி கேட்டைப் பூட்டிய வாரம் என் அவரைக்கொடி பூ விட்டிருந்தது. ஓசூரில் லைன் வீடு எங்களுக்கு. குளிக்கிற தண்ணீர் ஓடும் ஓரத்தில் நான் போட்ட கொடி அது. சங்கத்தை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் எழுதித் தரவில்லை. மற்றவர்களோடு கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரால் எவ்வளவு நாள் உட்கார முடியும் என்பது என் அடுப்பின் கையில் இருந்தது. அது கம்பெனிக்கும் தெரியும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்கு அவரை என்றால் பிஞ்சாகப் பறித்துப் பொரியல் வைப்பது. இங்கே வந்த முதல் வருஷம், முற்றிப்போன காயையெல்லாம் வாரிக் குப்பையில் கொட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி பாகலூர்க்காரி, என் வயதுதான். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னைத் திட்ட மட்டும் தமிழ். “ஏன்க்கா, இதப் போயி குப்பையில போட்டிருக்கியே” என்று அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு போனாள். கொட்டையை உரித்து ஊறப்போட்டு, இரண்டு விரலால் அழுத்தித் தோலைக் கழற்றினால் அதுதான் பிதுக்கம்பருப்பு. மறுநாள் என் குப்பை குழம்பாகி ஒரு கிண்ணத்தில் என் வீட்டுக்கே வந்தது. கூச்சமெல்லாம் பார்க்கவில்லை, வழித்துத் தின்றேன்.

கேட் பூட்டிய அந்த வருஷம் பனி இறங்க இறங்கக் கொடி காய்த்துத் தள்ளியது. ராகிக் களி, பிதுக்கம்பருப்புக் குழம்பு. மறுவேளையும் அதுவே. பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும், பட்டினி இல்லையே.

மார்கழியில் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். கேட்டுக்கு எதிரே போய்ப் பேச அவருக்குத் துணிச்சல் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களின் மனதைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அவரைப் பாக்கணும்.”

என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவரையா? பின்னாடி பந்தல்ல தொங்குது. போய்ப் பாத்துக்கோங்க.”

பக்கத்து வீட்டில் பாகலூர்க்காரி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அந்த ஆள் நிஜமாகவே பின்பக்கம் போய்க் கொடியை மேலும் கீழும் பார்த்தார். பனி போனால் இதுவும் காய்ந்துவிடும், அப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி மாசியில் வந்தார். பந்தலில் வெறும் சருகு. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். முற்றிய காயைக் கொடியிலேயே காயவிட்டு உடைத்து, ஒரு டின் நிறையக் கொட்டை சேர்த்து வைத்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? காய்ந்தால் முடிந்தது என்று அவரும் நினைத்திருப்பார், முதல் வருஷத்து நான் மாதிரி. ஊறிய கொட்டையை வைத்துக்கொண்டு நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

“இப்பவாவது எழுதிக் குடுக்கச் சொல்லுங்கம்மா” என்றார்.

ஒரு கொட்டையை அழுத்தினேன். பருப்பு துள்ளிப்போய் அவர் சட்டையில் பட்டு விழுந்தது. அதை வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டாவதை வேண்டுமென்றே செய்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஆள் வரவில்லை. பங்குனியில் கேட் திறந்தது. என் வீட்டுக்காரர் எதையும் எழுதிக் கொடுக்காமல் உள்ளே போனார். அன்று சாயங்காலம், கொஞ்ச நாளைக்கு அவரை வேண்டாம் என்று கெஞ்சினார். சரி என்றேன். ஆனால் டின்னின் அடியில் மிஞ்சிய கொட்டையைத் துணியில் முடிந்து ஆடி விதைப்புக்கு எடுத்து வைத்தேன். அடுத்த முறை அவர்கள் பூட்டும்போதும் என் பந்தல் பூத்திருக்க வேண்டும்.