வெட்டாத ஸ்லிங், லிஸ்ட்டில் இல்லாத சிப்பாய்

1. ஞாயிற்றுக்கிழமை

2001 ஜூலை 8, ஞாயிறு. காலை 4.30க்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்தேன். சவரம், குளியல். முந்தின நாளே சர்ச்சில் மாலைப் பூசைக்குப் போய்விட்டதால் அன்று காலைப் பூசை இல்லை. 5.20க்கு பஸ் ஸ்டாண்டில் சைக்கிளை விட்டு டோக்கன் வாங்கினேன். 5.40க்குப் பாண்டிச்சேரி பஸ். சட்டைப் பையில் மூன்று வரி எழுதிய ஒரு தாள். பேன்ட் பையில் ஸ்டோர்ஸ் சாவி.

டைரியில் அந்தப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. ஸ்டோர்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை இப்போது விரித்து எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு. நெய்வேலியில், சுரங்க வாசலுக்கு வெளியே, கன்வேயர் கியர்பாக்ஸ்களைப் பழுது பார்க்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். மனைவி டவுன்ஷிப் பள்ளியில் டீச்சர் என்பதால் அவள் பெயரில் குவார்ட்டர்ஸ் இருந்தது. மொத்தம் இருபத்தாறு பேர் வேலை செய்த அந்த ஒர்க்‌ஷாப்பில் என்னை ‘சவரி சார்’ என்பார்கள். இண்டென்ட் என்கிற கேட்புச் சீட்டு இல்லாமல் என்னிடமிருந்து ஒரு நட்டுகூட வெளியே போகாது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

2. மூன்று வரித் தாள்

எனக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு. ஈயத்தில் வார்த்த பொம்மைச் சிப்பாய்களைச் சேர்ப்பேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைச் சொல்தா என்பார்கள். அவர்கள் வீடுகளில் இந்தப் பொம்மைகள் பழைய பெட்டிகளில் கிடக்கும். வருஷத்துக்கு இரண்டு ஞாயிறு, வாடகைக்கு எடுத்த ஒரு ஹாலில் பன்னிரண்டு மேசை போட்டு விற்பனை நடக்கும். சென்னை, பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

அங்கே பணத்தைத் தொலைத்தவர்கள் நிறைய. கதவைத் திறந்ததும் முதல் மேசையில் பளபளப்பாக இருப்பதை எடுத்துவிட்டு, ஏழாவது மேசையில் தேடி வந்ததைப் பார்த்து நிற்பார்கள். நான் அப்படி இல்லை. முந்தின நாளே லிஸ்ட் எழுதுவேன். முதல் சுற்றில் கை பையை விட்டு வெளியே வராது. இரண்டாவது சுற்றில் லிஸ்ட்டில் உள்ளது மட்டும். மூன்றாவது சுற்று கிடையாது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வாங்கப் போவதை முந்தின நாளே வரிசை எண் போட்டு சேகரிப்பு நோட்டில் ஏற்றிவிடுவேன். எழுதிவிட்டால் அது வந்தாக வேண்டும், வேறொன்று வர இடமில்லை. இதைக் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் அந்தத் தாளை எழுதிக்கொண்டிருந்தபோது ஃபிட்டர் தனபால் கவுன்ட்டருக்கு வந்தான். கம்மாபுரம் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது. குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதற்கு ஈடாக அண்ணனுக்கு நிரந்தர வேலை கிடைத்தது, இவன் கான்ட்ராக்டிலேயே பதினோரு வருஷம்.

“இன்னா சார், இண்டென்ட்டா?”

“இல்லப்பா. நாளைக்குப் பாண்டி போறேன். வாங்க வேண்டிய சிப்பாய்.”

“பொம்மைக்கே லிஸ்ட்டா! எங்க வூட்டுல மளிகைக்குக்கூட லிஸ்ட்டு கெடையாது சார். எது தீந்துச்சோ அதுக்கு ஓடிகினு இருப்போம்.”

“அதனாலதான் ஓடிக்கிட்டே இருக்கீங்க.”

“நீங்க மட்டும் பட்டாளத்துக்குப் போயிருந்தா, சண்டைக்கு முந்தின நாளே செத்தவங்க லிஸ்ட்ட எழுதி வெச்சிருப்பீங்க” என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் இரண்டு ஜோடி கையுறைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனான்.

3. ஸ்லிங் எண் 14

அன்று மாதாந்திர ஸ்லிங் பரிசோதனை. ஸ்லிங் என்பது பாரம் தூக்கும்போது சுற்றிக் கட்டுகிற கம்பிக் கயிறு. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த வில்லை உண்டு. கையுறை போட்டுக்கொண்டு முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்க வேண்டும். அறுந்த இழை இருந்தால் கையுறையில் கொக்கி போல மாட்டும். எண் 14இல், முனையில் உள்ள கண்ணிக்குப் பக்கத்தில், பல இடங்களில் மாட்டியது. கழிக்க வேண்டியதுதான்.

கழிப்பதற்கு எங்களிடம் ஒரே வழி. கேஸ் கட்டரால் இரண்டாக வெட்டி ஸ்கிராப்பில் போடுவோம். பெயின்ட் அடிப்பது, சீட்டுக் கட்டுவது எல்லாம் நான் வந்த புதிதிலேயே நிறுத்திவிட்டேன். பெயின்ட் அழியும், சீட்டு விழும், வெட்டினது ஒட்டாது. ஒர்க்‌ஷாப் முழுக்க இது தெரியும். முழுசாக இருந்தால் நல்லது, வெட்டியிருந்தால் கழித்தது.

மணி 4.50. கேஸ் கட்டர் ஆள் ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பிவிட்டான். 14ஐச் சுருட்டி ஸ்டோர்ஸ் வாசலில், ஸ்கிராப் டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தேன். திங்கள் காலை முதல் வேலையாக வெட்டிக்கொள்ளலாம். ரெஜிஸ்டரில் வரி முழுதாக இருக்கட்டும் என்று அப்போதே எழுதினேன்: ‘7-7-2001. ஸ்லிங் எண் 14. கழிக்கப்பட்டது. வெட்டப்பட்டது.’ கையெழுத்தும் போட்டேன்.

கேட்டில் சூப்பர்வைசர் ராஜேந்திரன் பிடித்துக்கொண்டார்.

“சார், நாளைக்கு ரெண்டு மணிக்குக் கியர்பாக்ஸ் தூக்கணும். சாயங்காலம் டெலிவரி. ஸ்லிங் எடுக்கணும், ஸ்டோர்ஸ் சாவியக் குடுத்துட்டுப் போங்களேன்.”

“சாவி கை மாறக் கூடாதுங்க. பத்தரை பஸ்ஸப் புடிச்சா ஒரு மணிக்கு வந்துடுவேன்.”

“பஸ்ஸு லேட்டாச்சுன்னா?”

“நான் என்னிக்கு லேட்டா வந்திருக்கேன்?”

உண்மையில் நான் அதுவரை லேட்டாக வந்ததில்லை.

4. ஒன்பதாவது மேசை

ஹாலுக்குள் 8.30க்கு நுழைந்தேன். முதல் சுற்று முடிந்தது. லிஸ்ட்டில் இருந்த மூன்றும் இருந்தன. இரண்டாவது சுற்றில் மூன்றையும் வாங்கினேன். மணி 9.35. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாலும் போதும், நேரம் இருந்தது.

வெளியே போகும் வழியில் ஒன்பதாவது மேசை. மூடி இல்லாத அட்டைப்பெட்டியில் கை போனது, கால் போனது என்று முப்பது நாற்பது சிப்பாய்கள் குவியலாகக் கிடந்தார்கள். முதல் சுற்றில் அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. மேலாக ஒருவன் கிடந்தான். துப்பாக்கி இல்லை, வாள் இல்லை. இடது கையில் விரித்த ஒரு பேரேடு, வலது கையில் பென்சில். காலடியில் இரண்டு மூட்டை. பட்டாளத்து ஸ்டோர் கீப்பர்.

அதற்கு முன்னும் பிறகும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. என் கை பையை விட்டு வெளியே வந்தது.

“இது மட்டும் தனியாக் கிடைக்குமா?” என்று மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். அங்கே சாருக்குப் பதில் முசே என்பார்கள்.

“பெட்டியோடதான் முசே. ஆனா வெல எனக்குத் தெரியாது. மாமனாரோட சரக்கு. அவரு பூசைக்குப் போயிருக்காரு. பத்து மணிக்கெல்லாம் வந்துடுவாரு.”

பத்துக்கு அவர் வரவில்லை. 10.15க்கு பெங்களூர்க்காரர் ஒருவர் அந்தப் பெட்டியைக் கிளறினார். நான் மேசையை ஒட்டி நின்றுகொண்டேன். 10.30 பஸ் போயிருக்கும் என்பது கடிகாரத்தைப் பார்க்காமலே தெரிந்தது. நான் இல்லாமல் ஸ்டோர்ஸில் ஸ்லிங் இருக்கும் கம்பிக் கூண்டைத் திறக்க முடியாது, காத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரிலேயே எஸ்.டி.டி. பூத் இருந்தது. ஒர்க்‌ஷாப் நம்பரைச் சுழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருந்தது. மணி அடித்து அடித்து நின்றது. பெங்களூர்க்காரர் திரும்ப வந்துவிடுவார் என்று ஓடி வந்தேன்.

மாமனார் 11.10க்கு வந்தார். பெட்டியை வாங்கி, சணல் கட்டி, 11.45 பஸ்ஸில் உட்கார்ந்தேன். குள்ளஞ்சாவடியில் சந்தைக் கூட்டத்தில் பஸ் இருபத்தைந்து நிமிஷம் நின்றது. பெட்டியை மடியில் வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த இருபத்தைந்து நிமிஷமும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

5. இரண்டு இருபது

ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு 2.50க்கு வந்தேன். வாட்ச்மேன் ஸ்டூலில் உட்காராமல் நின்றிருந்தார்.

“எங்க சார் போயிட்டீங்க? தனபாலு கை போச்சு சார்.”

பெட்டியை அவர் மேசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். கியர்பாக்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் கொக்கியில் ஸ்லிங்கின் பாதி தொங்கியது. எண் வில்லை அதிலேயே இருந்தது. 14.

கியர்பாக்ஸை அதன் இரும்புப் பீடத்தின்மேல் இறக்கும்போது போல்ட் துளை நேராக இருக்கிறதா என்று ஒருவன் கை வைத்துப் பார்த்தாக வேண்டும். தனபால் வலது கையை வைத்திருந்தான். ஸ்லிங் கண்ணிக்குப் பக்கத்தில் அறுந்தது. மணி 2.20. கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் போயின.

ராஜேந்திரன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “பத்து நிமிஷம் பாத்தோம் சார்” என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மணிக்கு மேனேஜர் வந்தார். ரெஜிஸ்டரைக் கேட்டார். பக்கத்தைத் திருப்பிப் படித்ததும் அவர் முகம் தெளிந்தது.

“உங்க ரெக்கார்டு பக்காவா இருக்கு சவரி. நேத்தே வெட்டியாச்சுன்னு இருக்கே. அப்புறம் இவன் எங்கேருந்தோ ஒரு பழச எடுத்துக் கட்டியிருக்கான்.”

“எண் வில்லை...”

“வில்லைய யார் வேணா மாட்டலாம். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைக்கு வர்றாங்க. ரெஜிஸ்டரக் காட்டுங்க, வாயத் தொறக்காதீங்க. ஒர்க்கர் தப்புன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.”

“அப்ப தனபாலுக்கு?”

“வைத்தியம் பாப்போம். இனிமே வேலையாளுங்க லிஸ்ட்டுல எப்படி வெச்சிக்க முடியும்? ஸ்கிராப்ப எடுத்து பாரம் தூக்கினவன வெச்சிக்கிட்டா அடுத்த கான்ட்ராக்ட் எவன் குடுப்பான்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. டைரியிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்: ‘ஒன்றும் சொல்லவில்லை.’

6. ஆஸ்பத்திரி

ஆறரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனபாலின் கை தலையணைமேல் வெள்ளைப் பொதியாக இருந்தது. அவன் மனைவி செல்வி வெறும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

தனபால்தான் பேசினான். மருந்து மயக்கத்தில் வார்த்தை இழுத்தது.

“கூண்டு பூட்டிகினு இருந்துச்சு சார். அது வாசல்லியே கெடந்துச்சு. ராஜேந்திரன் சார், இது ஸ்கிராப்பான்னு கேட்டாரு. நான்தான் சொன்னேன்... வெட்டலியே, சவரி சார் வெட்டாம ஸ்கிராப்புல போட மாட்டாரு. லேட்டானா ஒதவும்னு நமக்காகத்தான் வெளிய எடுத்து வெச்சிட்டுப் போயிருக்காருன்னு.”

நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். “அப்புடித்தானே சார்?” என்றான்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

7. புதியவர்களுக்கு

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதமே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தனபாலின் பெயர் வேலையாட்கள் லிஸ்ட்டிலேயே இருந்தது. டூல் ரூமில் உட்கார்ந்து இடது கையால் எழுதப் பழகினான். வடலூரில் என்னை எதிரே பார்த்தால் நின்று பேசுவான். பழைய கேலி மட்டும் அவனிடமிருந்து திரும்ப வரவே இல்லை.

லிஸ்ட்டில் இல்லாததை வாங்க ஆசைப்பட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று என் மனைவி உட்படப் பலரும் சொன்னார்கள். நானும் வெகுநாள் அப்படி நம்பப் பார்த்தேன், அது வசதியாக இருந்தது. அந்தப் பெட்டிக்காக நான் இழந்தது ஒன்றேகால் மணி நேரமும் ஒரு பஸ்ஸும். ஸ்லிங் வெட்டியிருந்தால் அந்த நேரத்தில் அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். கையை வாங்கியது சனிக்கிழமை 4.50க்கு, ஆசை எதுவும் இல்லாமல், சுத்தமான கையெழுத்தில் நான் எழுதிய ஒரு சொல்.

திட்டம் போடுகிறவனுக்கு இந்த வியாதி வரும். நாளை செய்யப் போவது இன்றே முடிந்த மாதிரித் தோன்றும். வேலையை முடித்துவிட்டு எழுதுங்கள். முடியவில்லை என்றால் ‘முடியவில்லை’ என்று எழுதுங்கள். ரெஜிஸ்டர் அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

8. மறுநாள்

2001 ஜூலை 9, திங்கள். காலை 6.25க்குக் கேட்டுக்குள் நுழைந்தேன். வாட்ச்மேன், “சார், உங்க பொட்டி” என்றார். “அப்படியே இருக்கட்டும்” என்றேன். ஸ்டோர்ஸைத் திறந்தேன். வழக்கமாக முதலில் தேதி காலண்டரைக் கிழிப்பேன், பிறகு ஜன்னல். அன்று முதலில் ரெஜிஸ்டரை எடுத்தேன். ‘வெட்டப்பட்டது’ என்ற சொல்லின்மேல், அடியில் இருப்பது படிக்கும்படி, சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு போட்டேன். அதன் கீழே எழுதினேன்: ‘வெட்டப்படவில்லை. ஸ்டோர்ஸ் வாசலில் விடப்பட்டது. விட்டவன் நான்.’ கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, கடிகாரத்தைப் பார்த்து மணியையும் எழுதினேன். 6.31.