மஞ்சள் தாள் ஒட்டிய ஹெட்லைட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் பைக்கில் ஹாலஜன் பல்பு போட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், எங்கள் ஷிஃப்டில், என்னிடம் மட்டும்தான் அது இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னீர்குப்பம் வளைவில் எதிரே வந்த லாரிக்காரர் கண் கூசி பிரேக் அடித்து, என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். பயந்துபோய் விளக்கின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டினேன். அதன்பிறகு யாரும் திட்டவில்லை. ஊருக்கே உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

அடுத்த வாரம் மச்சினிக்குக் கல்யாணம். என் மனைவி தன் அரக்குப் பட்டுப்புடவையைப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

"எனக்கு வேல தலைக்கு மேல கீது. இதுக்கு மேட்சா ஜாக்கெட் பிட்டு வாங்கி டெய்லராண்ட குட்த்துடு. கடைக்கு வெளிய எட்தாந்து, வெயில்ல பாத்து வாங்குய்யா."

மணமேடையில் அக்காவாக நிற்கப் போகிறவள். சொந்தம் முழுக்கப் பார்க்கும். நிறம் பார்க்க என்னை அவள் நம்பியது அதுதான் முதல்முறை.

ஷிஃப்ட் முடிந்து பூந்தமல்லி போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கடைக்குள் கால் வைத்ததும் கரண்ட்டும் போனது.

"காலைல வாங்க சார்" என்றார் கடைக்காரர்.

"எதுக்கு நைனா? நம்ம வண்டி கீதே!"

பைக்கைக் கடைவாசல் பக்கம் திருப்பி ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். அந்த வெளிச்சத்தில் புடவையும் பிட்டும் அச்சு அசல் ஒரே அரக்கு. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் துணிகளோடு என் விளக்கின் முன் வந்து நின்றார்கள். நான் பிட்டை வாங்கி, அந்த இருட்டிலேயே டெய்லரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்தது தெரியும். கல்யாண வரவேற்பு அன்று மத்தியானம் ஜாக்கெட் தைத்து வந்தது. வெயிலில் பிரித்தால், சுத்தமான கத்தரிப்பூ நிறம்! பாழாய்ப்போன மஞ்சள் தாள் நீலத்தையெல்லாம் முழுங்கிவிட்டு, சிவப்பை மட்டும் என் கண்ணுக்குக் காட்டியிருக்கிறது.

"யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"அப்ப மண்டபத்துல அந்த லைட்டத் தூக்கினு என் முன்னாலயே நில்லு" என்றாள். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

இருட்டும் நேரத்தில், பழைய சந்தன நிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் ஆத்திரத்தில் மஞ்சள் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு வண்டியை எடுத்தேன். அவள் பின்னால் ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சென்னீர்குப்பம் வளைவில் ஒரு லாரி கிறீச்சென்று நின்றது.

"யோவ்! கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து பதில் போனது.

"தெரியாதுண்ணா! சத்தியமா தெரியாது!"