மாப்பிள்ளை ஊர்வலத்தில் இரண்டு துவக்குகள்

செம்பும் தண்ணீருமாக வாசலை மறித்து நின்ற என் மாமனாரை இன்றைக்கும் கண்ணில் காண்கிறேன். கிழக்கிலங்கையில், எங்கள் சாய்ந்தமருதில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வாசலில் மச்சினன் அவர் காலைக் கழுவுவான். அந்த நேரம் பார்த்துச் சீனவெடி கொளுத்துவார்கள். அன்று மச்சினன் கையிலிருந்த செம்பை மாமனார் பறித்துக்கொண்டார்.

காரணம் எனக்கு இரு பக்கமும் நடந்து வந்தது. சுனாமிக்கு அடுத்த வருடம் அது. என் மாமி மகன் ஓர் அரசியல்வாதிக்கு மெய்க்காவலன். கூட்டாளி ஒருவனோடு, ஆளுக்கொரு துப்பாக்கியை, எங்கள் பேச்சில் துவக்கை, தோளில் தொங்கவிட்டு ஊர்வலத்தில் சேர்ந்துவிட்டான். மரியாதைக்காம். நடுவில் வந்த என்னைப் பார்த்தவர்கள், கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். கூட்டாளியின் துவக்கு முனை அடிக்கு அடி என் விலாவில் இடித்தது. மூச்சை உள்ளிழுத்தபடியே நடந்தேன். மாப்பிள்ளைக்குத் தொப்பையே இல்லை என்று பெண்கள் மெச்சினார்களாம்.

“துவக்கு வெளியில, மாப்பிள்ள உள்ள. இல்லாட்டி ரெண்டும் வெளியில” என்றார் மாமனார்.

“ஒளிச்சா வெச்சிரிக்கம் மாமா? தெரியத்தானே கொண்டு வாறம். இதக் கண்டா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்” என்றான் மாமி மகன்.

“கலியாணத்துக்கு ஆக்கள் கிட்ட வரணும் தம்பி.”

யாரோ சிரித்தார்கள். மாமி மகனின் முகம் கறுத்தது. கலியாணம் நின்றால் மானம் போகும், அவன் கோபம் மிஞ்சினால் உயிரே போகும். கடைசியில் இருவரும் முறைத்தபடி தெருமுனைக்குப் போனார்கள். மாமனார் குனிந்து என் காலில் தண்ணீர் ஊற்றினார். அதைக் கண்டதும், வேலியோரம் காத்திருந்தவர் பழக்கத்தில் சீனவெடியைக் கொளுத்திவிட்டார்.

தெருமுனையில் இரண்டு துவக்குகளும் தோளைவிட்டு இறங்கி எங்களை நோக்கித் திரும்பின.

“சீனவெடி! சீனவெடிடா தம்பி!” மாமனார் எனக்கு முன்னால் பாய்ந்து நின்று கத்தினார். மாப்பிள்ளையாகிய நான் ஒற்றை ஈரக்காலோடு அவர் சட்டையை முதுகுப்பக்கம் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். புகை கலைந்த பிறகே துவக்குகள் தாழ்ந்தன. அன்று எல்லோரும் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டில் மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு பிடியும் வாய்க்குப் போகவில்லை.

அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். யுத்தமும் முடிந்து எவ்வளவோ காலமாயிற்று. வருகிற கிழமை என் மகளுக்குக் கலியாணம். நேற்று சம்பந்தி போன் எடுத்தார்.

“எங்கட கட்சிப் பெரியவர் ஊர்வலத்துக்கு வாறார். துவக்கோட நாலு பேர் வருவாங்க. உங்களுக்கும் மரியாததானே?”

வழக்கமாக எதற்கும் ஒரு பகிடி என் வாயில் தயாராக இருக்கும். நேற்று வாசலை மறித்த அந்தச் செம்புதான் நினைவுக்கு வந்தது.

“துவக்க றோட்டோட விட்டுட்டு வரச் சொல்லுங்க” என்றேன். ஆட்டுக்குட்டி கத்தியது போலிருந்தது என் குரல்.

“பெரியவரிட்டக் கேட்டுட்டுச் சொல்றன்” என்று சம்பந்தி போனை வைத்தார். கதவோரம் நின்ற மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.