ஏழாம் எண் குழாய்

கிருஷ்ணமணி இருபத்துமூன்று வருடம் சவூதியில், தமாமில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவர். ஆபத்து வருவதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசுவது அங்கே அவர் வேலை. ஊருக்குத் திரும்பி மூன்று வருடமாகியும் அதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குச் செம்பன்குளத்தின் கரையில் தன்னார்வலர்களை வரிசையாக நிறுத்தி, ஆகாயத்தாமரை பிடுங்குவதில் உள்ள ஆபத்துகளை ஐந்து நிமிடம் விளக்குவார். குளத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். அவர் அங்கிருந்து கொண்டுவந்த, முதுகில் அரபி எழுதிய மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோரும் கேட்பார்கள். நாரைகள் மட்டும் கேட்பதில்லை.

பிடுங்கிய ஆகாயத்தாமரை நாற்பது நாளில் திரும்ப வந்தது. மறுபடி பிடுங்கினார்கள், மறுபடி வந்தது. இருபத்திரண்டு பேராகத் தொடங்கிய குழு ஏழு பேராக மெலிந்துவிட்டது. தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற கிரேசி டீச்சர் ஒருநாள் கரையில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“நாம பிடுங்குதோம், அவிய உரம் போடுதாவ. பின்ன எப்பிடி கிருஷ்ணமணி?”

‘அவிய’ என்றால் கிழக்குக் கரையில் வீடு வைத்திருப்பவர்கள். சித்திரையில் தண்ணீர் இறங்கியபோது கரைச்சுவரில் பதினொரு குழாய்களின் வாய் வெளியே தெரிந்தது. கக்கூஸ் தண்ணீரும் குளித்த தண்ணீரும் அவற்றின் வழியாகக் குளத்துக்கு வந்துகொண்டிருந்தன. கிருஷ்ணமணி மஞ்சள் பெயிண்டால் ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் போட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்க் கேட்டார். யாருக்கும் குழாய் இல்லை. பதினொன்றும் அநாதைகள். அவர் வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது. அங்கே மட்டும் அவர் கேட்கவில்லை. சொந்த வீட்டில் கேட்க என்ன இருக்கிறது?

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் சொட்டு நீலத்தை ஊற்றுவது, எந்தக் குழாயில் நீலம் வருகிறது என்று கரையில் நின்று பார்ப்பது. வருகிற குழாயை அன்றைக்கே சிமெண்டு வைத்து அடைப்பது, அவகாசம் கிடையாது. இதைத் தெருக் கூட்டத்தில் அறிவித்தபோது எலக்ட்ரீசியன் சுஜின் கையைத் தூக்கினான்.

“கொள்ளாம் அண்ணே. மொதல்ல உங்க வீட்டுல ஊத்துங்க. பொறவு எங்க வீட்டுக்கு வாருங்க.”

“ஊத்துதேன். அதுக்கென்ன டே?” என்றார் கிருஷ்ணமணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் நல்ல கூட்டம். குளத்தைச் சுத்தம் செய்ய ஒருநாளும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கிருஷ்ணமணி மாடிக் கழிப்பறையில் ஒரு பாட்டில் நீலத்தை முழுசாக ஊற்றி, இரண்டு தடவை தண்ணீர் விட்டுவிட்டு, நிதானமாக நடந்து வந்தார். அவர் வந்து சேர்வதற்கும் ஏழாம் எண் குழாய் நீலமாகத் துப்புவதற்கும் சரியாக இருந்தது.

நீலம் விசிறிபோல விரிந்து ஆகாயத்தாமரையின் வேருக்குள் போயிற்று.

“முட்டத்துக் கடல்லகூட இந்தக் கலரு கெடையாது அண்ணே” என்றான் சுஜின்.

கிருஷ்ணமணி மனைவிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு, போனை முகத்துக்கு முன்னால் பிடித்துப் பேசுவது வெளிநாட்டில் வந்த பழக்கம். அதனால் கூட்டம் முழுக்கக் கேட்டது.

“தாணம்மா, நம்ம கக்கூஸ் பைப்பு எங்கட்டி போவுது?”

“குளத்துக்கு.”

“ஒனக்குத் தெரியுமா?”

“உங்களுக்குத் தெரியும்னுல்லா நான் நெனச்சேன். கார் ஷெட்டை ரெண்டடி கூட்டணும்னு தமாம்ல இருந்து சொன்னது நீங்களாக்கும். அப்ப கக்கூஸ் குழிக்கு எடமில்லன்னு மேஸ்திரி சொன்னாரு. உங்களைக் கூப்பிட்டேன். ரேஞ்சு இல்ல, பொறவு கூப்பிடுதேன்னு வச்சிட்டிய.”

“பொறவு?”

“பொறவு கூப்பிடல்ல.”

அந்த வீட்டை அவர் முழுக்கப் போனில் கட்டினார். மார்த்தாண்டத்துக் கடையில் தாணம்மாள் ஒவ்வொரு டைலாகத் தூக்கிக் காட்ட, அவர் இரவு ஷிப்ட் முடிந்து கண்ணெரியப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கதவின் கைப்பிடிக்கு மட்டும் நான்கு நாள் பேசினார்கள். மண்ணுக்குள் போகிற குழாயை யாரும் தூக்கிக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

“ஒரு ரெண்டு வாரம் எடுத்துக்கிடுங்க” என்றார் கிரேசி டீச்சர் மெதுவாக. “மொதல்ல குழி தோண்டணும்லா. கக்கூஸ் இல்லாம எப்பிடி இருப்பிய?”

நியாயமான பேச்சுதான். ஆனால் கிருஷ்ணமணி எதிரே நின்ற முகங்களைப் பார்த்தார். எல்லா முகமும் அந்த இரண்டு வாரத்துக்காகத்தான் காத்திருந்தது. அவர் அவகாசம் வாங்கினால் எல்லோருக்கும் உண்டு. மற்ற பத்து வீட்டுக்கும் இரண்டிரண்டு வாரம் என்றால், செம்பன்குளத்தை இனி யாரும் சுத்தம் செய்ய வேண்டியிருக்காது. ஆகாயத்தாமரைக்கு மேல் மாடு மேயலாம்.

“தண்ணி தொறக்காத தாணம்மா” என்று போனில் சொல்லிவிட்டுக் குளத்தில் இறங்கினார். சாக்கைச் சுருட்டி ஏழாம் எண் குழாயின் வாயில் திணித்தார். சிமெண்டைக் குழைத்து அப்பினார். சொட்டுச்சொட்டாகக் கசிந்த நீலம் முழங்கைவரை ஏறியது. யாரும் உதவிக்கு இறங்கவில்லை, கிண்டலும் செய்யவில்லை.

மறுநாள் தாணம்மாள் மணவாளக்குறிச்சியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். குழி முடிந்ததும் போன் செய்யச் சொன்னாள். ரேஞ்சு இருந்தால் எடுப்பதாகவும் சொன்னாள். கிருஷ்ணமணி ஒரு துண்டோடு காலையும் மாலையும் அடுத்த தெருவில் இருந்த கிரேசி டீச்சர் வீட்டுக் கழிப்பறைக்குப் போய்வந்தார். வழியில் யாராவது பார்த்தால் வணக்கம் சொன்னார். கார் ஷெட்டின் டைல்களை உடைத்தார்கள். கான்கிரீட் உறை இறக்குகிற பிரைட்டன் குழிக்குள் இறங்கினார். கார் தெருவில் வெயிலில் நின்றது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சுஜின் வந்தான். குழியை எட்டிப் பார்த்தான். டைல் துண்டு ஒன்றைக் காலால் புரட்டினான்.

“எத்தன உறை அண்ணே?”

“ஆறு.”

“ம்.” அந்தத் துண்டைத் திரும்பவும் புரட்டினான். “எங்க வீட்டுல நீலம் ஊத்தண்டாம்.”

“ஏன்?”

“ஒம்பதாம் நம்பர் எங்களது. எனக்குத் தெரியும்.”

கிருஷ்ணமணி தலையாட்டினார். திட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

“எப்ப அடைக்கணும்?”

“நான் எப்ப அடைச்சேன்?”

சுஜின் வானத்தைப் பார்த்தான். “வீட்டுல கொன்னுருவா.” பிறகு, “செரி. உறை இறக்குத ஆளு நம்பர் இருந்தாத் தாருங்க” என்றான்.

கிருஷ்ணமணி போனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, குழிக்குள்ளிருந்து பிரைட்டன் தன் போன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, சத்தமாகச் சொன்னார்.