சீதன வீடும் சுவிஸ் பிராங்கும்

வீட்டுக் கடன் வாங்கித் தரும் தரகனுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும் என்று சனங்கள் நம்புகிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் நம்பினேன். பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, முதல் மாடியில் என் அலுவலகம். நான் திருச்சிக்காரன். வருகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, மீனும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, வந்ததுதான் வந்தோம் என்று ஒரு கடனையும் விசாரித்துவிட்டுப் போவார்கள். மாதா மாதம் தவணை கட்டி நொந்துபோன வாசகர்களே, நீங்களாவது இதைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.

மூன்று கோப்பைகள்

யோகன் அண்ணை பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவரும் மனைவி சுகந்தி அக்காவும் புறநகர் பொபினியில் ஒரு மாடிவீடு வாங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, இருபது வருஷத்தில் கடனை அடைத்தவர்கள். அடைத்த கையோடு என்னிடம் வந்தார்கள். மகள் ஆரணிக்குச் சீதனமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீடு வாங்க வேண்டும். கல்யாணம் ஆகும்வரை அதை வாடகைக்கு விடலாம். கடன் மட்டும் சுவிஸ் பிராங்கில் வேண்டும், ஏனென்றால் அங்கே வட்டி குறைவு. இதைச் சொன்னவர் சுவிஸ் நகரமான பாசலில் இருக்கும் சுகந்தி அக்காவின் அண்ணன். யூரோவில் சம்பாதிப்பவருக்குப் பிராங்கில் கடனா என்று இங்குள்ள வங்கிகள் கைவிரித்தன. மச்சான் கூட்டுக் கையெழுத்துப் போடச் சம்மதித்ததும் சுவிஸ் எல்லைப்புறத்து வங்கி ஒன்று தலையாட்டியது. பொபினி வீட்டை ஈடாகக் கேட்டது.

நான் மேசையில் மூன்று தேநீர்க் கோப்பைகளை வரிசையாக வைத்தேன். இது உங்கள் யூரோ வருமானம், இது பிராங்க் கடன், இது இலங்கை ரூபாய் வாடகை என்றேன். பிராங்க் ஏறினால் தவணைக்கு அதிக யூரோ போகும். ரூபாய் விழுந்தால் வாடகை கைகொடுக்காது. இரண்டும் சேர்ந்து நடந்தால், போவது நீங்கள் குடியிருக்கும் பொபினி வீடு. அண்ணை கவனமாகக் கேட்டார். யோசனையில் பிராங்க் கோப்பையை எடுத்துக் குடித்தும் விட்டார். பிறகு சொன்னார்: "பிராங்க் ஏறினா பாசலிலை மச்சானுக்குச் சந்தோசம்தானே தம்பி. அவருக்குச் சந்தோசமெண்டா எங்களுக்கும் சந்தோசம்தான்."

எந்த ஊர் நேரம்?

கையெழுத்துப் போட வங்கி ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணியைக் கொடுத்தது. கணினித் திரையில் வங்கி அம்மாள் சிரித்தபடி காத்திருந்தார். சுகந்தி அக்கா பேனாவைத் தொட மறுத்துவிட்டார், ராகு காலமாம். பன்னிரண்டு வரைக்கும் காத்திருந்தோம். பன்னிரண்டு அடித்ததும் அக்காவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. வீடு இருப்பது கொழும்பில். அப்படியானால் கொழும்பு நேரத்தைத்தானே பார்க்க வேண்டும்? அங்கே அப்போது மூன்றரை மணி, எமகண்டம். அது முடியும்போது வங்கி அம்மாள் சாப்பிடப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது, பசியும் வந்தது.

ஒருவழியாக மத்தியானத்துக்குப் பிறகு கையெழுத்தானது. அதற்குள் பிராங்க் கொஞ்சம் ஏறியிருந்தது. கடன் பிராங்கில் என்பதால், கொழும்பில் கைக்கு வரும் ரூபாயும் கூடிவிட்டது! வாங்கும்போது ஏறினால் லாபம், கட்டும்போது ஏறினால் நஷ்டம் என்று விளக்க வாயெடுத்தேன். ஆனால் ராகு காலம் இப்போது லாபம் தந்ததா இல்லையா என்று எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. அக்கா பேனாவை மூடி வைத்தார். "பாத்தியளோ தம்பி, நல்ல நேரம் எண்டது கொம்பியூட்டருக்கும் வேலை செய்யுது."

நாடு முன்னேறும் பயம்

ஒருநாள் யோகன் அண்ணை என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, கணினித் துறையில் வேலை பார்க்கும் சென்னை இளைஞர் ஒருவர் வந்தார். அவர் சென்னையில் முதலீட்டுக்காக வாங்கிய வீட்டுக்கு இந்திய வங்கியில் ரூபாயிலேயே கடன் வாங்கியவர். ரூபாய் விழுந்தால் அவர் தவணைக்கு அனுப்பும் யூரோ குறையும். இதைக் கேட்டதும், தனக்கும் ரூபாய் விழுந்தால் நல்லதுதான் என்று அண்ணை முடிவு கட்டிவிட்டார். உங்களுக்கு ரூபாயில் வருவது வாடகை, அவருக்கு ரூபாயில் இருப்பது கடன் என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். அண்ணைக்கு அது ஏறவில்லை. சென்னைக்காரரோ தன் கவலையில் இருந்தார்: "ரூபாய் விழ விழ எனக்கு இ.எம்.ஐ. குறையுது சார், நாடு முன்னேறிடுச்சுன்னாதான் பயமா இருக்கு."

யார் எடுத்தது?

அடுத்த வருஷம் பிராங்க் நன்றாகவே ஏறியது. இலங்கை ரூபாயும் சரிந்தது. வெள்ளவத்தை வீட்டு வாடகை கூடிவிட்டது என்று மிக்ஸர் பொட்டலத்தோடு வந்தார் அண்ணை. மிக்ஸரைப் பிரிக்கும்போதே முகம் மாறியது. கூட்டிய வாடகையை யூரோவாக மாற்றினால் முந்தி வந்ததைவிடக் குறைவு. வங்கித் தவணைக்கோ யூரோ கூடிக்கொண்டே போகிறது. வங்கி களவெடுக்கிறது, பொலிசில் சொல்ல வேண்டும் என்றார். ஒப்பந்தத்தைக் காட்டினேன். வங்கி கேட்பது அன்று சொன்ன அதே பிராங்க். வாடகைக்காரர் கொடுப்பது அன்று சொன்னதைவிட அதிக ரூபாய். எல்லோரும் நல்லவர்கள். அண்ணை பாவம், என்னை வெறித்துப் பார்த்தார். ஒப்பந்தத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "ஒருத்தரும் ஒரு சதமும் கூட்டிக் கேக்கேல்லை, ஆனா என்ரை காசு போகுது. அப்ப ஆர் தம்பி எடுக்கிறது?"

சீதனப் பெண்

இரண்டு தவணை தவறியது. இன்னும் ஒன்று தவறினால் பொபினி வீட்டின் மேல் நடவடிக்கை என்று வங்கி சொல்லிவிட்டது. சீக்கிரமாகக் கொழும்பு வீட்டை விற்றுக் கடனை அடைப்பது ஒன்றே வழி. அண்ணை மாட்டேன் என்று நின்றார். கொழும்பில் சீதன வீடு இருக்கிறது என்று பக்கத்து ஊர் லா கூர்னெவ் வரைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்; நாளைக்கு எந்த முகத்தோடு கல்யாணம் பேசுவது? பிராங்க் இறங்கும், பொறுத்திருப்போம் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டால் மச்சானைக் கேட்க வேண்டும் என்றார்.

அன்று ஆரணியும் கூட வந்திருந்தாள். தாதிப் படிப்பின் கடைசி வருஷம். அப்பா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. அந்த வெள்ளவத்தை வீட்டை அவள் பார்த்ததே இல்லை. எப்போது கல்யாணம், யாரோடு என்றும் அவள் இன்னும் யோசிக்கவில்லை. ஆனால் பொபினி வீட்டில் தன் அறை எது என்று அவளுக்குத் தெரியும். அன்று அப்பாவுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே என்னைக் கேட்டாள்: "மாமா, வீடு எனக்கு எண்டா, இந்தக் கடனும் எனக்குச் சீதனமோ?"

லாபம்

அதைக் கேட்டதும் அண்ணை விற்கச் சொல்லித் தலையை ஆட்டினார். வெள்ளவத்தை வீடு வாங்கிய விலையைவிட அதிக ரூபாய்க்குப் போனது. கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் கடைக்கே வந்து கை குலுக்கினார்கள். யோகன் கெட்டிக்காரன், நல்ல லாபம் பார்த்துவிட்டான் என்றார்கள். அண்ணையும் ஓம் ஓம் என்று சிரித்துக்கொண்டு அவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். அந்த லாபத்தைப் பிராங்காக மாற்றிப் பார்த்தபோது கடனில் ஒரு பங்கு அடைபடாமல் நின்றது என்பது எங்கள் நாலு பேருக்கும் மச்சானுக்கும் மட்டும் தெரியும்.

மீதியை அடைத்தது ஆரணிக்கென்று அக்கா சேர்த்து வைத்த நகை. என் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் நகைக்கடையில்தான் விற்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு ஆறவில்லை. பொபினி வீடு ஈட்டிலிருந்து மீண்ட செய்தியைச் சொல்ல நானே அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணை பால்கனிக்குப் போய்விட்டார். சுகந்தி அக்கா வளையல் இல்லாத கையால் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் வாழ்த்துச் சொல்வதா ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் விழித்தேன். அக்காவே சொன்னார்: "இருந்த வீட்டையே ரெண்டு தரம் வாங்கியிருக்கிறம், தம்பி."

யூரோவில் சம்பாதித்து, பிராங்கில் கடன்பட்டு, ரூபாயில் லாபம் பார்ப்பது எப்படி என்று இனி யாராவது கேட்டால் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிக் கொடுப்பேன், ஆனால் எனக்கு விளங்கியதா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.